நிலத்தடி நீரில் சல்பேட்டும் குளோரைடும் சேர்ந்து இருந்தால் எந்த சிமெண்ட்?

அடித்தளம்_7

கடலோர பம்ப் ஹவுஸ் ஒன்றுக்கு அடித்தள கான்கிரீட் முடிவாக வேண்டும். தனித்தனி ஃபுட்டிங், தடிமன் 1.2 மீட்டர், அதிலிருந்து காலம் (தூண்) எழும்புகிறது. நிலத்தடி நீர்மட்டம் 1.4 மீட்டர் ஆழம், மழைக்குப் பின் 0.6 வரை ஏறும். நீர் ஆய்வு அறிக்கை: சல்பேட் எஸ்ஓ3 கணக்கில் லிட்டருக்கு 2000 மி.கி., குளோரைடு 6500 மி.கி., மக்னீசியம் 280 மி.கி., பிஎச் 7.3.

ஸ்பெக்கில் "சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட், எம்35, நீர்-சிமெண்ட் விகிதம் 0.45, கவர் 50 மி.மீ." என்று இருக்கிறது (எம்35 வலிமை வகுப்பு, கவர் என்பது கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன்). குளோரைடு பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தச் சல்பேட் எதிர்ப்பு சிமெண்டையே (எஸ்ஆர்சி) போடலாமா, ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) சிமெண்டுக்கு மாறலாமா?

உப்புக்காற்று

முதலில் அலகு. எஸ்ஓ3 2000 என்றால் எஸ்ஓ4 கணக்கில் 1.2ஆல் பெருக்கி 2400. இந்தியத் தரமான ஐஎஸ் 456-இன் அட்டவணை எஸ்ஓ3-இல் பேசும், அமெரிக்கத் தரமான ஏசிஐ 318 எஸ்ஓ4-இல் பேசும். மாற்றிப் பார்த்தால் வகுப்பே ஒரு படி நகர்ந்துவிடும். உங்கள் எண் ஐஎஸ்-இல் வகுப்பு 3 (லிட்டருக்கு 1.2 முதல் 2.5 கிராம்), ஏசிஐ-யில் எஸ்2 (1500 முதல் 10,000 மி.கி.). இரண்டிலும் கடுமையான சூழல்தான்.

இனி சிமெண்ட். எஸ்ஆர்சி சல்பேட்டைத் தாங்குவதற்குக் காரணம் அதில் டிரைகால்சியம் அலுமினேட், அதாவது சி3ஏ, குறைவு. ஏஎஸ்டிஎம் டைப் 5-இலும் ஐஎஸ் 12330-இலும் உச்சவரம்பு 5%. சல்பேட் உள்ளே வந்து சி3ஏ தந்த அலுமினேட்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் ஆகும்போதுதான் கான்கிரீட் உப்பி வெடிக்கிறது. அலுமினேட் குறைந்தால் உப்பலும் குறையும்.

ஆனால் அதே சி3ஏ-தான் குளோரைடையும் பிடித்து வைக்கிறது. குளோரைடோடு சேர்ந்து ஃப்ரீடல் உப்பாக மாறி அதைத் திடப்பொருளில் கட்டிப்போடும். சி3ஏ இல்லாவிட்டால் கட்டுப்படாத குளோரைடு நீரில் கரைந்தபடியே கம்பியை நோக்கிப் போகும். 6500 மி.கி. குளோரைடு உள்ள இடத்தில் எஸ்ஆர்சியைத் தனியாகப் போட்டால் கான்கிரீட் சல்பேட்டுக்குத் தப்பும், கம்பி துருவுக்குத் தப்பாது. ஐஎஸ் 456-இன் சல்பேட் அட்டவணைக் குறிப்பே இதைச் சொல்கிறது: குளோரைடும் கூட இருந்தால் எஸ்ஆர்சிக்குப் பதில் சி3ஏ 5 முதல் 8% உள்ள ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்), அல்லது 50 விழுக்காட்டுக்கு மேல் ஸ்லாக் உள்ள சிமெண்ட்.

என் தேர்வு ஸ்லாக், 50%-க்குக் குறையாமல்.

மேற்பார்வை

ஸ்பெக்கில் எழுதியிருப்பதை மாற்றுவது எளிதில்லை, சார். எஸ்ஆர்சி போட்டு, விகிதத்தை 0.40-க்கு இறக்கி, கவரை 75 ஆக்கினால் குளோரைடு உள்ளே வரவே காலம் பிடிக்குமே? சிமெண்டை மாற்றாமலே தீர்வு கிடைக்கிறது.

உப்புக்காற்று

@மேற்பார்வை, காலம் பிடிக்கும் என்பது சரி. கவர் இரண்டு மடங்கானால் குளோரைடு கம்பியைத் தொடும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும், ஊடுருவும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்வதால். 50-ஐ 75 ஆக்கினால் 2.25 மடங்கு. இது பெரிய லாபம், எந்த சிமெண்ட் போட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

ஆனால் வெறும் போர்ட்லேண்ட் சிமெண்டில், அது எஸ்ஆர்சி ஆனாலும் ஓபிசி ஆனாலும், முதல் மாதத்துக்குப் பிறகு நுண்துளைகள் அதிகம் சுருங்குவதில்லை. ஸ்லாக் அல்லது ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) சேர்ந்த கலவையில் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். நீண்ட காலத்தில் குளோரைடு பரவும் வேகம் அங்கே பல மடங்கு குறைவு. எஸ்ஆர்சியை விடவே முடியாது என்றால், அதனோடு 25–30% குறைந்த சுண்ணாம்புள்ள ஃப்ளை ஆஷையோ 50% ஸ்லாகையோ மிக்சரில் சேருங்கள். ஸ்பெக் வார்த்தையும் நிற்கும், வேலையும் நடக்கும். சுண்ணாம்பு அதிகமுள்ள ஃப்ளை ஆஷ் வேண்டாம், அது சல்பேட் எதிர்ப்பைக் கெடுக்கவும் கூடும்.

ஆய்வகம்_22

சி3ஏ எவ்வளவு என்று மூட்டையில் அச்சிட்டிருக்காது. ஆலைச் சான்றிதழில் உள்ள ஆக்சைடு விழுக்காட்டிலிருந்து போக் சமன்பாட்டால் கணக்கிடலாம்:

சி3ஏ = 2.650 × அலுமினா − 1.692 × இரும்பு ஆக்சைடு

அலுமினா 5.0%, இரும்பு ஆக்சைடு 3.6% என்றால் 13.25 − 6.09 = 7.2%. இது குளோரைடுச் சூழலுக்கு ஏற்ற ஓபிசி. அலுமினா 4.0, இரும்பு 4.8 என்றால் 2.5% வரும், அது எஸ்ஆர்சி வகை.

சான்றிதழ் எந்த வாரத்துக்கு உரியது என்று பாருங்கள். ஓபிசிக்கு சி3ஏ வரம்பு பொதுவாகக் கட்டாயமில்லை, அதனால் ஒரே பெயரில் வரும் சிமெண்டிலேயே லோடுக்கு லோடு மாறலாம். இன்னொன்று, இந்தச் சமன்பாட்டை ஆலையிலேயே கலந்து வரும் ஸ்லாக் சிமெண்டுக்கோ சாம்பல் கலந்த பிபிசிக்கோ போடக் கூடாது. அவற்றின் அலுமினாவில் பெரும்பங்கு ஸ்லாகிலிருந்தோ சாம்பலிலிருந்தோ வருவது. கணக்கில் 15, 20 என்று வந்து வீண் பயம் தரும்.

ஸ்லாகின் அலுமினாவையும் தனியாகக் கேளுங்கள். அது உயரமாக இருந்தால் 50% ஸ்லாக் சல்பேட்டுக்குப் போதாமல் போகலாம். அப்போது 65–70 வரை ஏற்றுவது பாதுகாப்பு. ஐரோப்பியத் தரமான இஎன் 197-1, சல்பேட் எதிர்ப்பு ஸ்லாக் சிமெண்ட் என்று ஏற்பது 66 விழுக்காட்டிலிருந்துதான்.

புதுக்கலவை

ஒரு சந்தேகம். கடல்நீரில் சல்பேட் லிட்டருக்கு 2700 மி.கி. அளவு இருக்கிறது, இந்த நீரை விட அதிகம். ஆனாலும் ஏசிஐ கடல்நீரை எஸ்1, மிதமான வகுப்பு என்கிறது. ஏன்?

உப்புக்காற்று

குளோரைடு நிறைந்த கரைசலில் எட்ரிங்கைட் அதிகம் கரைகிறது, கான்கிரீட்டை உப்பவைக்கும் அதன் வலு குறைகிறது. அதனால் கடல்நீரில் மூழ்கிய கான்கிரீட்டில் சல்பேட் உப்பலை விடக் கம்பித் துருதான் முதல் எதிரி. விகிதம் 0.40-க்கு மேல் போகாவிட்டால் கடல்நீரில் 10% வரை சி3ஏ உள்ள சிமெண்டையும் ஏசிஐ அனுமதிப்பது இதனால்தான். இந்த நிலத்தடி நீரில் குளோரைடு கடல்நீரின் மூன்றில் ஒரு பங்கு, அதே சலுகையை முழுமையாக எடுத்துக்கொள்ள முடியாது. எஸ்2 என்றே வைத்து வடிவமைப்பது நல்லது.

மக்னீசியம் 280 என்பதால் பெரிய கவலை இல்லை. அது ஆயிரக்கணக்கில் போனால் கதை வேறு. மக்னீசியம் சல்பேட் நேரடியாக சிமெண்ட் பசையையே, அதாவது கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டையே, கரைத்துப் பிணைப்பற்ற மாவாக்கும். அங்கே சிலிகா ஃப்யூம் கலவைகூடச் சறுக்கும். நீர்த்தடுப்புப் படலம்தான் கதி.

கலவைக்கணக்கு

எண்ணில் பேசலாம். ஒரு கன மீட்டருக்குத் தொடக்கக் கலவை:

ஓபிசி (சி3ஏ 5–8%) 200 கிலோ, அரைத்த ஸ்லாக் 200 கிலோ, நீர் 156 லிட்டர், மணல் 720 கிலோ, 20 மி.மீ. ஜல்லி 690, 12 மி.மீ. ஜல்லி 460, பாலிகார்பாக்சிலேட் அட்மிக்சர் 3.2 கிலோ (பைண்டரில், அதாவது சிமெண்டும் ஸ்லாகும் சேர்ந்த எடையில், 0.8%). விகிதம் 0.39. மணல், ஜல்லி எடைகள் நிறைவுற்று மேற்பரப்பு உலர்ந்த நிலைக்கு. அடர்த்தி எண் 2.65, 2.70 என்று வைத்த கணக்கு இது. உங்கள் பொருளுக்கு மாற்றி, ட்ரையல் எடுத்து உறுதி செய்யுங்கள். ஸ்லம்ப் (இளக்க அளவு) 120–150 மி.மீ. வைத்தால் ஃபுட்டிங் கம்பிக்குள் நன்றாக இறங்கும்.

இந்தக் கலவை கெடுவது பெரும்பாலும் மணலின் ஈரத்தில். 720 கிலோ மணலில் 5% மேற்பரப்பு ஈரம் இருந்தால் 36 லிட்டர். அதைக் கழிக்காமல் 156 லிட்டரும் ஊற்றினால் மொத்தம் 192, விகிதம் 0.48. காகிதத்தில் கடும் சூழல் கான்கிரீட், அச்சில் விழுவது சாதாரண கான்கிரீட். லாரி வந்தபின் "கொஞ்சம் இறுகிப் போச்சு" என்று கன மீட்டருக்கு 20 லிட்டர் விட்டால் 0.44. இரண்டும் சேர்ந்தால் எந்த சிமெண்டும் காப்பாற்றாது. இறுகினால் அட்மிக்சரில் ஒரு பகுதியைத் தளத்தில் சேர்த்து, டிரம்மை முழு வேகத்தில் சில நிமிடம் சுழற்றுங்கள். நீர்க் குழாயை லாரியில் பூட்டிவிடுவதே நல்லது.

கம்பிகட்டு

எம்35 கேட்கிறார்கள், அதிக வலிமைச் சிமெண்ட் போட்டால் 330 கிலோவிலேயே வலிமை வந்துவிடுமே? சிமெண்டும் மிச்சம்.

கலவைக்கணக்கு

அங்கேதான் பலரும் ஏமாறுவது. மிக நன்றாக அரைத்த, சி3எஸ் (டிரைகால்சியம் சிலிகேட்) கூடிய சிமெண்ட் 0.50 விகிதத்திலும் எம்35 தந்துவிடும். கியூப் பாஸ். ஆனால் அந்த 0.50-இன் நுண்துளை வழியாகத்தான் குளோரைடு போகும். கியூப் சோதனை அமுக்க வலிமையைத்தான் அளக்கிறது, ஊடுருவலை அளப்பதே இல்லை. கடும் சூழலில் விகிதத்தையும் பைண்டர் அளவையும் முதலில் நிறுத்துங்கள், வலிமை தானாகக் கூடுதலாக வரட்டும். அதோடு, அப்படிப்பட்ட சிமெண்ட் வெப்பத்தையும் வேகமாக விடும்.

ஆய்வகம்_22

வெப்பம் இங்கே முக்கியம், ஃபுட்டிங் 1.2 மீட்டர். தோராய விதி, 100 கிலோ போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு 12 டிகிரி ஏறும். 400 கிலோ முழுவதும் ஓபிசி என்றால் 48. கான்கிரீட் 32 டிகிரியில் இறங்கினால் நடுப்பகுதி 80-ஐத் தொடப் பார்க்கும். 70-ஐத் தாண்டினால் எட்ரிங்கைட் அப்போது உருவாகாமல் நின்று, பின்னால் இறுகிய கான்கிரீட்டுக்குள் ஈரம் கிடைக்கும்போது உருவாகி உள்ளிருந்தே விரிசல் விடும். வெளியிலிருந்து ஒரு துளி சல்பேட் வராமலே இது நடக்கும். பாதி ஸ்லாக் போட்டால் ஏற்றம் குறையும், இன்னும் மெதுவாகவும் ஏறும். கூடவே ஐஸ் அல்லது குளிர்நீர், அதிகாலை வார்ப்பு. நடுவிலும் மேற்பரப்பிலிருந்து 50 மி.மீ. உள்ளேயும் ஒவ்வொரு தெர்மோகப்பிள் வைத்து, இரண்டின் வித்தியாசம் 20 டிகிரிக்குள் நிற்கிறதா பாருங்கள். ஷட்டரை அவசரமாகக் கழற்றிக் குளிர்நீர் அடிப்பது விரிசலை நாமே வரவழைப்பது.

மேற்பார்வை

ஸ்லாக் என்றால் 7 நாள் கியூப் குறைவாக வருமே, அதற்கு யார் பதில் சொல்வது? கார்பனேஷனும், அதாவது காற்றின் கார்பன் டைஆக்சைடு கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைப்பதும், ஸ்லாகில் வேகம் என்கிறார்கள்.

ஆய்வகம்_22

7 நாளில் 28 நாள் வலிமையின் 50–60% வரலாம், அது கலவையின் இயல்பு. ட்ரையலிலேயே 3, 7, 28, 56 நாள் கியூப் எடுத்து வளைகோட்டை ஒப்புதலோடு இணைத்துவிடுங்கள். ஷட்டர் கழற்றும் முடிவை நாள் எண்ணி எடுக்காமல், தளத்திலேயே வைத்த கியூபின் வலிமையைப் பார்த்து எடுங்கள்.

கார்பனேஷன் பற்றி நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். நீரில் நனைந்த ஃபுட்டிங்கில் கார்பன் டைஆக்சைடு நுழையவே வழியில்லை. ஈரப்பதம் 50–70% உள்ள காற்றில் நிற்கும் பகுதியில்தான் வேகம். எனவே அடியில் 65% ஸ்லாக் போட்டாலும் தரைக்கு மேலுள்ள காலம், பீம், ஸ்லாபில் 50-ஐத் தாண்ட வேண்டாம். கியூரிங் குறைந்தால் வெளித்தோல் 20–30 மி.மீ. அப்படியே பாதி வெந்த நிலையில் நின்றுவிடும், அந்தத் தோல்தான் நம் கவர். கார்பனேஷன் ஃப்ரீடல் உப்பையும் உடைத்து, கட்டிவைத்த குளோரைடை மறுபடி அவிழ்த்துவிடும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

14 நாள் ஈரச் சாக்கு, மேலே பாலித்தீன். விட்டு விட்டு நனைத்துக் காயவிடுவதைக் கியூரிங் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

புதுக்கலவை

சுண்ணாம்புக்கல் கலந்த சிமெண்டும், சுட்ட களிமண் சேர்ந்த எல்சி3-யும் இதற்கு ஆகுமா?

உப்புக்காற்று

எல்சி3 குளோரைடுக்கு மிக நல்லது, நுண்துளை சீக்கிரமே சுருங்கும். பொதுவான கூட்டு 50% கிளிங்கர், 30% சுட்ட களிமண், 15% சுண்ணாம்புக்கல், 5% ஜிப்சம். நீர்த்தேவை கூடும், அட்மிக்சர் அளவை அதற்கேற்ப ஏற்ற வேண்டும். வெறும் சுண்ணாம்புக்கல் மட்டும் 15–20% கலந்த சிமெண்டை சல்பேட் மண்ணில், குறிப்பாக 15 டிகிரிக்குக் கீழே குளிரும் ஈர நிலத்தில், ஸ்லாகோ சாம்பலோ சேர்க்காமல் போட மாட்டேன். அங்கே தாமசைட் உருவாகி சிமெண்ட் பசையையே கூழாக்கும். அதற்கு எஸ்ஆர்சியும் தடையில்லை, ஏனென்றால் தாமசைட்டுக்கு அலுமினேட் தேவையே இல்லை.

அடித்தளம்_7

மிக்க நன்றி. ஸ்லாக் 50%, பைண்டர் 400, விகிதம் 0.39, கவர் 75 என்று திருத்தம் அனுப்புகிறேன். ஏற்புச் சோதனை என்ன எழுதுவது? மணலில் குளோரைடு எவ்வளவு வரை விடலாம்?

ஆய்வகம்_22

ஊடுருவலுக்கு ஏஎஸ்டிஎம் சி1202: 100 மி.மீ. விட்டம், 50 மி.மீ. தடிமன் வில்லை, 60 வோல்ட், 6 மணி நேரம். 1000 கூலும்புக்குக் கீழே என்றால் மிகக் குறைந்த ஊடுருவல். ஸ்லாக் கலவைக்கு வயது 56 நாள் என்று எழுத்தில் போடுங்கள். 28 நாளில் எடுத்தால் நல்ல கலவையும் தோற்றதுபோல் தெரியும். கால்சியம் நைட்ரைட் துருத்தடுப்பான் சேர்த்திருந்தால் இந்தச் சோதனை பொய்யாக உயர்ந்த எண் காட்டும், அப்போது நார்டிக் முறையான என்டி பில்ட் 492 எடுங்கள். சல்பேட்டுக்கு ஏஎஸ்டிஎம் சி1012, மார்ட்டர் பார் 6 மாதத்தில் 0.05%-க்கு மேல் நீளக் கூடாது. ஆறு மாதம் காத்திருக்க முடியாது என்பதால், அதே சிமெண்ட்-ஸ்லாக் கூட்டுக்கு ஏற்கெனவே எடுத்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

குளோரைடுக்கு ஐஎஸ் 456 வரம்பு, கம்பியுள்ள கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோ. மணலில் 0.05% குளோரைடு இருந்தால் 720 கிலோவுக்கு 0.36 கிலோ போய்விட்டது. கலவை நீர் லிட்டருக்கு 500 மி.கி. என்றால் இன்னொரு 0.08. ஜல்லியும் அட்மிக்சரும் மீதியைத் தின்றுவிடும். அந்த மணலைக் கழுவாமல் எடுக்க வேண்டாம்.

கம்பிகட்டு

75 கவருக்குக் கவர் பிளாக் எங்கள் ஆட்களே தளத்தில் வார்ப்பார்கள். பரவாயில்லையா?

கலவைக்கணக்கு

1:3 மார்ட்டரில் கண்ணளவாக நீர் விட்டு வார்த்தால், ஒவ்வொரு பிளாக்கும் கம்பி வரை நேராக ஒரு உப்புப் பாதை. கான்கிரீட்டின் அதே பைண்டர், 0.39-ஐத் தாண்டாத விகிதம், 14 நாள் நீரில் மூழ்கிய கியூரிங். கட்டுக்கம்பி முனையைக் கவருக்குள் நீட்டிக்கொண்டு விடாமல் உள்பக்கம் மடக்குங்கள். ஃபுட்டிங் அடியில் வரும் பிசிசியையும் (கம்பியில்லாத கான்கிரீட் படுகை) இதே பைண்டரிலேயே போடுங்கள். அது மட்டும் சாதாரணச் சிமெண்டாக இருந்தால் முதலில் உதிர்ந்து, ஃபுட்டிங்கின் அடிமுகத்தை நீருக்குத் திறந்துவிடும்.

உப்புக்காற்று

காலம் தரையைத் தாண்டும் இடத்தைத் தனியாகக் கவனியுங்கள், அங்கே சிமெண்ட் வகை அவ்வளவாக உதவாது. கீழே நனைந்து, மேலே காற்றில் காய்வதால் நீர் ஏறி ஆவியாகி உப்பு தோலுக்கடியில் படியும். சோடியம் சல்பேட் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப நீரேறிய உருவத்துக்கும் உலர்ந்த உருவத்துக்கும் மாறி மாறிப் போகும்போது மேற்பரப்பைச் செதிலாக உரிக்கும். எஸ்ஆர்சி போட்ட காலமும் இப்படி உரியும்.

செய்ய வேண்டியது நீர் ஏறும் வழியை அடைப்பது. பிசிசி மேல் 250 மைக்ரான் பாலித்தீன் அல்லது தகுந்த மெம்பிரேன், ஃபுட்டிங் பக்கங்களிலும் காலத்திலும் கோல்தார் எபாக்சியோ பிட்டுமன் மெம்பிரேனோ முடிந்த தரைமட்டத்துக்கு 300 மி.மீ. மேல் வரை. காலத்துக்கு மட்டும் பூசி அடியை விட்டால் ஆவியாகும் கோடு பூச்சுக்கு மேலே நகரும், உரிவதும் அங்கே தொடங்கும். பூச்சு முடியும் இடத்துக்கு மேல் சிலேன் அடிக்கலாம். மெழுகு வகைக் கியூரிங் காம்பவுண்ட் அடித்த முகத்தில் மெம்பிரேன் ஒட்டாது, எனவே அந்தப் பரப்புகளுக்கு நீர்க் கியூரிங் மட்டும்.

இன்னொன்று, கட்டுமான இணைப்பைத் தரைமட்டத்தில் வைக்காதீர்கள். உங்கள் நீர்மட்டம் 1.4-க்கும் 0.6-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. கிக்கர் (காலத்தின் அடித்துண்டு) இணைப்பு அந்த நனைந்து காயும் பட்டைக்குக் கீழே, ஃபுட்டிங் மேல் முகத்திலேயே முடியட்டும். காலத்தை அங்கிருந்து தரைக்கு 500 மி.மீ. மேல் வரை ஒரே வார்ப்பாக எடுங்கள்.

அடித்தளம்_7

ஃபுட்டிங் மேல் முகம் 1.8 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, எனவே இணைப்பு எப்போதும் நீருக்கடியில்தான். காலம் முதல் வார்ப்பு 2.3 மீட்டர் உயரம் ஆகிறது. ஸ்லம்ப் 150-இல் மேலிருந்து கொட்டினால் பிரியாதா?

கலவைக்கணக்கு

பிரியும். 150 மி.மீ. குழாயை உள்ளே இறக்கி, முனை கான்கிரீட் பரப்புக்கு 1 மீட்டருக்குள் இருக்கும்படி தூக்கிக்கொண்டே ஊற்றுங்கள். கம்பி நெருக்கத்தில் குழாய் நுழையாவிட்டால் ஷட்டரின் ஒரு பக்கத்தில் 1.2 மீட்டர் உயரத்தில் ஜன்னல் விட்டு, அதுவரை நிரம்பியதும் அடைத்து மேலே தொடருங்கள். அடுக்கு 400 மி.மீ., வைப்ரேட்டர் ஊசி முந்தைய அடுக்கில் 100 மி.மீ. இறங்க வேண்டும். வார்க்கும் நேரத்தில் குழியில் நிலத்தடி நீர் ஊறினால் பம்பை நிறுத்தாதீர்கள், கான்கிரீட் செட் ஆகி மெம்பிரேன் பூசி மண் நிரப்பும் வரை ஓடட்டும். பச்சைக் கான்கிரீட்டில் அந்த உப்புநீர் ஏறினால் முதல் வாரத்திலேயே கவருக்குள் குளோரைடு போய் உட்கார்ந்துவிடும்.